தலை ஒரு வண்டி, உடம்பு ஒரு வண்டி

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் பத்தொன்பது வருடமாகப் பல்செட் செய்துகொண்டிருக்கிறேன். டாக்டர் முன்னறையில் வாயை அளவெடுப்பார். அந்த அளவு என் மேசைக்கு வரும். நான் அதில் பிளாஸ்டர் மாவு ஊற்றி அச்செடுத்து, மெழுகில் பல் வரிசை கட்டி, கடைசியில் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் முடித்துக் கொடுப்பேன். நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால் மதியத்துக்குமேல் கழுத்து திரும்பாது. அக்ரிலிக்கை ராவும்போது பறக்கும் தூசி மூக்குக்குள் இனிப்பும் கசப்புமாக ஒட்டிக்கொண்டிருக்கும். வீடு நாமக்கல்லில். காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து. உட்கார இடம் கிடைத்தால் பையிலிருந்து காமிக்ஸை எடுப்பேன்.

ஐம்பத்தொரு வயதில் காமிக்ஸ் படிக்கிறவனைப் பக்கத்து சீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பழகிவிட்டது. எட்டாம் வகுப்பிலிருந்தே எனக்குப் போர்க்கதைகள்தான் பிடிக்கும். மற்றவர்கள் கதையைப் படித்தார்கள், நான் டாங்கிகளைப் பார்த்தேன். வயது ஏறியபோது கதைகள் அலுத்தன. டாங்கிகள் மட்டும் அலுக்கவில்லை. கதையில் 'ஜெர்மன் டாங்கி' என்று எழுதியிருக்கும். படத்தில் ரஷ்ய டாங்கி நிற்கும். வரைந்தவர் கைக்குக் கிடைத்த புகைப்படத்தைப் பார்த்துப் போட்டிருப்பார். அது என்ன வண்டி என்று கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்ததைச் சிறிதாகச் செய்து பார்ப்பதும்தான் எனக்கு மிச்சமிருக்கிற ஒரே பொழுதுபோக்கு.

கண்டுபிடிக்கச் சக்கரத்தை எண்ண வேண்டும். பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரம், அவற்றின் மேலேயே சங்கிலிப் பட்டை படுத்திருந்தால், பெரும்பாலும் சோவியத் நாட்டு டி-34. அதே ஐந்து சக்கரத்தில் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே மட்டும் கூடுதல் இடைவெளி இருந்தால் அதற்குப் பின்னால் வந்த டி-55. ஆறு சின்னச் சக்கரமும் அவற்றுக்கு மேலே குட்டி உருளைகளும் இருந்தால் வேறு கனரக வண்டி. பார்க்கப் பார்க்கப் பிடிபட்டுவிடும். லாரி பாடி கட்டுகிற ஊரில் பிறந்தவனுக்கு வண்டியின் பக்கவாட்டை வைத்து வயதைச் சொல்வது பெரிய வித்தையில்லை.

பெட்டியில் பாகங்களோடு வரும் கிட்டை நான் வாங்குவதில்லை. என் தொழில் சாமான்களே போதும். ஒரு சக்கரத்தை மெழுகில் செதுக்கி, வாய் அளவெடுக்கும் பசையில் அச்செடுத்தால் அக்ரிலிக்கில் பத்துச் சக்கரம் வார்த்துவிடலாம். மதிய இடைவேளையில் டிபன் சாப்பிட்டு முடித்ததும் இருபது நிமிடம் கிடைக்கும். அதில்தான் வேலை. ஒரு டாங்கி முடிய ஏழெட்டு மாதமாகும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மொழிபெயர்ப்புக் கதையில் ஒரு கட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது. பனி மூடிய கிராமம், மரப்பாலம், அதில் ஏறி வருகிற டாங்கி. ஐந்து சக்கரம், சம இடைவெளி, சரிந்த பக்கங்கள். தலைப்பகுதி, அதாவது பீரங்கிக் குழலோடு சுழலும் மேல்பாகம், கொஞ்சம் அதிகமாக உருண்டிருந்தது. குழலின் நுனியும் தடித்திருந்தது. தலை உருண்டையானது வரைந்தவரின் அவசரம், நுனித் தடிப்பு மை ஊறியது என்று நானே முடிவு செய்துகொண்டேன். டி-34, பிற்காலத்துப் பெரிய குழல் வைத்தது என்று எங்கள் காமிக்ஸ் வாட்ஸப் குழுவிலும் எழுதினேன். சிலர் ஒத்துக்கொண்டார்கள், சிலர் மறுத்தார்கள். மூன்று நாள் சண்டை நடந்தது. நான்காம் நாள் பதில் சொல்லத் தெம்பில்லாமல் குழுவை ஒலியடக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

உடலும் சக்கரமும் முடிந்து, தலையைப் பொருத்துகிற கட்டத்தில் அவர் வந்தார். எருமப்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர், எழுபதை ஒட்டிய வயது. மேலும் கீழும் ஒரு பல்கூட இல்லை. கூடவே அவர் மனைவி. டாக்டர் கேட்கும் கேள்விக்கெல்லாம் அந்த அம்மாவே பதில் சொன்னார். சர்க்கரை இருக்கிறதா, இருக்கிறது. பீடி உண்டா, விட்டுவிட்டார். தாடையில் எப்போதாவது அடிபட்டதா என்று டாக்டர் கேட்டபோது மட்டும் பெரியவர் முந்திக்கொண்டு இல்லை என்றாராம். இதைப் பிற்பாடு டாக்டர்தான் என்னிடம் சொன்னார்.

அவருடைய கடி அளவு என் மேசைக்கு வந்தபோது கீழ்த்தாடை இடப்பக்கமாக ஒதுங்கியிருந்தது. பல் இல்லாதவர்கள் மெழுகைக் கடிக்கும்போது தாடையைக் கோணலாக நகர்த்திவிடுவது வழக்கம். இந்த மாதிரி வந்தால் டாக்டரிடம் திருப்பிக் கொடுத்து மறுபடி அளவெடுக்கச் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஐந்து செட் பாக்கி. எழுந்து முன்னறைக்குப் போகவே அலுப்பாக இருந்தது. நானே கீழ்த்தாடை அச்சை நடுவுக்கு நகர்த்தி வைத்துப் பல்லைக் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

செட் பொருந்தவில்லை. பேசினால் எழும்பியது, இட்லி மென்றால் ஈறு புண்ணானது. பத்து நாளில் திரும்பி வந்தார்கள். டாக்டர் அங்கங்கே தேய்த்துக் கொடுத்தார். மறுபடி வந்தார்கள். புதிதாக அளவெடுத்தோம். அதுவும் இடப்பக்கமே ஒதுங்கி வந்தது. அதையும் நான் நேராக்கினேன். இரண்டாவது செட்டும் உட்காரவில்லை. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இத்தனை வருடத்தில் உங்கள் வேலை இப்படித் திரும்பி வந்ததில்லையே, கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அன்று பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் புத்தகத்தை எடுக்கவில்லை. ராசிபுரம் வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தேன்.

மூன்றாம் முறை டாக்டர், நீங்களே நேரில் கடியைப் பாருங்கள் என்று பெரியவரைப் பின்னறைக்கு அனுப்பினார். அந்த அம்மா வெளியே நாற்காலியில் இருந்தார். பெரியவர் உள்ளே வந்தவர், நான் காட்டிய ஸ்டூலில் உட்காரவில்லை. மேசை ஓரத்தில் தலையில்லாமல் நின்ற டாங்கியைக் குனிந்து பார்த்தார். விரலால் சக்கரங்களைத் தொட்டு எண்ணினார்.

"ஏனுங்க, இது எங்க வண்டிங்களா?"

எந்த வண்டி என்று கேட்டேன். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்ததாகவும், அதில் முக்கால்வாசி டி-55 ஓட்டியதாகவும் சொன்னார். சோவியத் டாங்கியைத் தொட்ட ஒரு மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு முறை இவர் அளவோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், பெயரும் வயதும் மட்டும்தான் தெரிந்திருந்தது.

"முதச் சக்கரத்துக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல எடம் வேணுமுங்க. நீங்க அந்த எடம் உடலீங்களே," என்றார்.

இது டி-55 இல்லை, அதற்கு முந்தைய வண்டி என்று சொல்லி, டிராயரிலிருந்து அந்தக் காமிக்ஸை எடுத்து மரப்பாலம் உள்ள பக்கத்தைக் காட்டினேன். பல் பார்க்கும் லென்ஸையும் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். லென்ஸைப் பின்னாலும் முன்னாலும் நகர்த்தினார்.

"கீழ இருக்கறது எனக்குத் தெரியாதுங்க. ஆனா தலை எங்களுது. கவுத்து வெச்ச சட்டியாட்டம் இருக்குது பாருங்க. கொழாயி நுனியில தடிப்பு இருக்குதில்லீங்க, அதும் எங்களுதுதான். தலை ஒரு வண்டி, ஒடம்பு ஒரு வண்டி. படம் போட்டவரு ரெண்டையும் சேத்துட்டாரு."

லென்ஸை வாங்கி நானும் பார்த்தேன். மை ஊறியதில்லை. தடிப்பின் இரண்டு பக்கமும் சுத்தமான கோடு இருந்தது. ஏழு மாதமாக அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். வரைந்தவர் தெளிவாகவே வரைந்திருந்தார், நான் என் மனத்தில் அதைத் திருத்திவைத்திருந்தேன். எனக்கு எரிச்சல்கூட வரவில்லை. உட்கார வேண்டும் போல மட்டும் இருந்தது. அவருக்குப் போட்ட ஸ்டூலில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் நின்றபடியே பேசினார். மணல்காட்டில் பயிற்சி என்றால் வண்டிக்குள் கொதிக்கும் என்றார். பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது, இடது காது போனது அதில்தான். கதையில் வருகிற மாதிரி உள்ளே உட்கார்ந்து யாரும் பேசிக்கொள்ள முடியாது. ஓட்டுகிறவன் முன்பக்க மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டுதான் ஓட்டுவான், இரண்டு கையிலும் இரண்டு லீவர். சொல்லிக்கொண்டே கைகளை முன்னால் நீட்டி லீவர்களைப் பிடித்துக் காட்டினார். பிறகு முகத்தைத் தாழ்த்தி, மோவாயின் வலப்பக்கத்தைக் காற்றில் இல்லாத ஒரு விளிம்பில் இடித்துக் காட்டினார்.

"இப்பிடித்தானுங்க அடிச்சுது."

எனக்கு உடனே புரியவில்லை. என்ன அடித்தது என்று கேட்டேன்.

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். புழுதியில் ஒரு பள்ளம் தெரியாமல் வண்டி முகம் குப்புற இறங்கியிருக்கிறது. மூடியின் இரும்பு விளிம்பில் மோவாய் மோதித் தாடை முறிந்தது. ஆறு வாரம் வாயைக் கம்பியால் கட்டிப் போட்டிருந்தார்கள். உறிஞ்சிக் குடிக்கிற கஞ்சிதான். எலும்பு ஒட்டியது, ஆனால் இடப்பக்கமாக ஒதுங்கி ஒட்டியது.

டாக்டர் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றேன்.

"அவ பக்கத்துல இருந்தாளுங்களே. அப்ப அவளுக்கு மாசம். சொன்னா திரும்பப் போக உட்டிருக்க மாட்டா. பல்லு புடுங்கி வீங்கிப்போச்சுன்னு கடுதாசி போட்டேன். லீவுக்கு வந்தப்பவும் அதையே சொன்னேன். அப்பறம் இத்தன வருசம் கழிச்சு என்னத்தச் சொல்றதுங்க."

அவரை ஸ்டூலில் உட்காரவைத்துக் காதுக்கு முன்னால் இரண்டு விரல் வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னேன். தாடை ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம் போய் அதே இடத்தில் நின்றது. அது பிடிவாதமான, உறுதியான ஒரு இடம். அவர் கடித்ததில் தவறே இல்லை. இரண்டு தடவையும் சரியாகத்தான் கடித்துக் கொடுத்திருக்கிறார்.

அவரிடம் நான் செய்ததைச் சொன்னேன். உங்கள் கடியை நான்தான் இரண்டு தடவை நேராக்கினேன், ஈறு புண்ணானதற்கு நான்தான் காரணம் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"கோணலா இருந்தா யாருக்குமே நேராக்கத்தான சாமி தோணும்," என்றார். பிறகு, இந்த முறை சரியாக வந்துவிடுமா, சோளச்சோறு சாப்பிட்டு எவ்வளவோ நாளாகிறது என்று கேட்டார்.

டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். தாடையில் இருப்பது பழைய முறிவு என்பதையும், அதை அந்த அம்மா முன்னால் பேச வேண்டாம் என்பதையும், நான் கேட்காமல் அளவை மாற்றியதையும். டாக்டர், இனிமேல் எதை மாற்றினாலும் என்னிடம் கேளுங்கள் என்று மட்டும் சொன்னார். அது நியாயம்தான்.

மூன்றாவது செட்டைக் கோணலாகவே கட்டினேன். மேல் பல் நடுவில், கீழ்ப் பல் இடப்பக்கம் தள்ளி. பத்தொன்பது வருடப் பழக்கம் ஒவ்வொரு பல்லிலும் குறுக்கே வந்தது. கை தானாக நடுவை நோக்கிப் போகும், இழுத்துப் பழைய இடத்தில் வைப்பேன். மேசையில் பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. வேறு யாராவது பார்த்தால் கற்றுக்குட்டியின் வேலை என்பார்கள். அந்த வாரம் டாங்கியைத் தொடவில்லை. அவர் சொன்னதைக் குழுவில் எழுதினேன். ராணுவத்தில் ஓட்டியவரே சொல்கிறார் என்று எழுதியும், ஆதாரம் கேட்டார்கள்.

செட்டை வாயில் வைத்ததும் அது அமர்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. டாக்டர் ஒரு ரொட்டித் துண்டு கொடுத்தார். பெரியவர் மென்றார், நிறுத்தினார், மறுபடி மென்றார். முழுதாக மென்று விழுங்கினார். உங்கள் டி-55 வண்டியை என் மேசையில் இருக்கிற டாங்கி அளவில் செய்து தருகிறேன், ஊட்டுல வெச்சுக்குங்க என்றேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"வேண்டாமுங்க. அதைப் பாத்தாலே காதுக்குள்ள எரையும்."

டாக்டர் அவரை நிறுத்தி, செட்டைக் கழுவிவைக்கும் விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா பின்னறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. எத்தனை நாளைக்கு வரும் என்று செட்டைப் பற்றி விசாரித்தார். நான் சொன்னேன். பிறகு என் மேசையில் நின்ற டாங்கியைப் பார்த்துக்கொண்டே, அதே குரலில் சொன்னார்.

"கண்ணாலத்துல நேரா இருந்த மொகமுங்க. ஒரு லீவுக்கு வாரப்ப கோணையா வந்துச்சு. பல்லு புடுங்குனா தாடையா நவுந்துக்கும்? அவருக்கே சொல்லத் தோணுனாச் சொல்லட்டும்னு நானும் கேக்கலீங்க."

உட்காருங்கம்மா என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது, வாரோமுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். ஜன்னல் வழியாக இருவரும் ரோட்டைக் கடப்பது தெரிந்தது. அவர் முன்னால் போனார். அந்த அம்மா அவருடைய இடது பக்கத்தை விட்டு, காது கேட்கும் வலது பக்கமாகச் சுற்றிவந்து ஏதோ சொன்னார். அவர் நின்று கேட்டுக்கொண்டார்.