கெய்கோ வைக்காத டிப்ஸ்

அப்பா தனபால் ஏற்காட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸின் சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பரிமாறினார். விருந்தாளி எழுந்து போனதும் முதலில் தண்ணீர் டம்ளரைத் தூக்கி அடியில் பார்ப்பார். சாப்பாடு பிடித்ததா என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அமெரிக்காக்காரர்கள் பில்லில் ஐந்தில் ஒரு பங்கை வைத்துவிட்டுப் போவார்கள். சென்னைக்காரர்கள் மீதிச் சில்லறையைத் தள்ளி வைப்பார்கள். சேலத்து ஆட்கள் காரில் ஏறும்போது கூப்பிட்டுச் சட்டைப் பையில் திணிப்பார்கள். எல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம்.

கெய்கோவிடம்தான் அது எடுபடவில்லை. அவர் ஜப்பானில் காப்பி வியாபாரம் செய்பவர். வெள்ளக்கடைப் பக்கம் ஓர் எஸ்டேட்டைப் பார்க்க வந்து பத்து நாள் தங்கினார். அவர் மனம் கோணாமல் போனால் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் பன்னிரண்டு பேரோடு வருவார் என்று முதலாளி ஹரிஹரன் சொல்லியிருந்தார். மூன்று வேளையும் அப்பாதான் பரிமாறினார். டம்ளருக்கு அடியில் ஒரு நாளும் ஒன்றும் இல்லை. அதோடு, சாப்பிட்டதும் தட்டுகளை அடுக்கி, காகிதத்தால் மேசையைத் துடைத்து, நாற்காலியையும் உள்ளே தள்ளிவிட்டுப் போவார்.

"நீங்க தொடைக்கறது அந்தம்மாவுக்குப் பத்தலயாட்ட இருக்குதுங்கண்ணா" என்றாள் சமையல்கார புஷ்பலதா.

"ரெண்டு தடவ தொடைக்கறேன் அம்மிணி."

"அப்ப உங்க மூஞ்சிதான். பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருந்தா யாருக்குச் சோறு எறங்கும்?"

பதினோராம் நாள் காலையில் கெய்கோ கிளம்பினார். அறையில் போர்வை மடித்துக் கிடந்தது. தலையணைக்கு அடியிலும் ஒன்றுமில்லை. போகும் வழியில் கார் எஸ்டேட்டில் நிற்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். முதலாளியிடம்கூடச் சொல்லாமல் வண்டியை எடுத்தார். அங்கே கணக்கு எழுதும் ரைட்டர் ஜெப்சனுக்கு ஆங்கிலம் வரும்.

"ஏனுங்க ரைட்டரே, என்ன கொறைன்னு கேளுங்க. டிப்ஸ் கேட்டு வரலைன்னு மொதல்ல சொல்லிப்போடுங்க."

கெய்கோ பதறி வாயைப் பொத்திக்கொண்டார். நீளமாக ஏதோ சொன்னார். ஜெப்சனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அவங்க ஊர்ல மேசமேல காச வெச்சா, மறந்துட்டாங்கன்னு சர்வர் ரோடு வரைக்கும் தொரத்தீட்டு வந்து குடுத்துருவாராமா. நீங்க ஒண்ணும் வெக்காமயே தொரத்தீட்டு வந்துட்டீங்க! மேசயத் தொடைச்சது உங்களுக்கு வேல கொறையட்டும்னுதானாம். அதுதானுங்க அவங்க நன்றி."

கெய்கோ இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அப்பாவும் ஹெல்மெட்டோடு குனிந்தார். அவர் மறுபடி குனிய, இவரும் மறுபடி குனிந்தார்.

"போதும் நிறுத்துங்க, ஆராச்சும் பாத்தா என்னமோன்னு நெனைச்சுக்குவாங்க" என்றார் ஜெப்சன்.

பருவத்தில் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். பன்னிரண்டு பேரும் தட்டை அடுக்கினார்கள். பாத்திரம் கழுவும் மலர், "இவங்கள இங்கயே குடிவெச்சுருங்கண்ணா" என்றாளாம். அதற்குப் பிறகு வெளியே எங்கே சாப்பிட்டாலும் அப்பா தட்டை அடுக்கி மேசையைத் துடைக்காமல் எழுந்ததில்லை.

இந்த ஆடியில் அப்பா காலமானார். போன வாரம் அம்மாவோடு சேலத்தில் ஒரு ஓட்டலுக்குப் போனேன். சாப்பிட்டதும் என் கை தானாகத் தட்டுகளை அடுக்கியது, மேசையைத் துடைத்தது. சர்வர் ஓடி வந்தார்.

"ஏனுங்க, டேபிள் சுத்தமா இல்லீங்களா?"

அம்மா சிரித்துவிட்டாள். "நொம்பச் சுத்தமா இருக்குது கண்ணு. இவ அப்பன் பழக்கம் அது" என்றபடி, இருபது ரூபாயை டம்ளருக்கு அடியில் வைத்தாள்.