கருப்புக் கோட்டுக்காரரை நாங்கள் அடிக்கவில்லை

பழைய ஆட்டம் ஒன்றைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப்போட்டேன். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவன், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயதில் வீடியோ கேம் பற்றி எழுதினால் கோயிலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

போன வாரம் ஜொகூர் பாரு கேம் கடை ஒன்றில், நான் இளவயதில் ஆடிய ஜப்பான் கதை விளையாட்டைப் பார்த்தேன். இப்போது ஆங்கிலத்தில் புதிதாகச் செய்திருக்கிறார்கள். கடையில் நின்ற பெண் சிரித்தாள்.

"அலமாக், அங்கிள்! நீங்க ஒரு அடி, அப்புறம் அவன் ஒரு அடி. இதெல்லாம் செத்துப்போன டைப் லா."

"செத்தது எப்படிம்மா உங்க அலமாரியில நிக்குது?" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் மகள் கவிதா அதைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கேம் பெட்டி சூடாகி, தூசி கருகும் வாசனை வந்தது. எனக்கு பாசிர் கூடாங் வாடகை வீடு ஞாபகம் வந்துவிட்டது. நானும், கூடத் தங்கியிருந்த நண்பன் அந்தோணியும் வேறு வேறு பேக்டரி. நான் வேலை முடிந்து வரும்போது அவன் வேலைக்குக் கிளம்புவான். இருவருக்கும் ஒரே பெட்டி, ஒரே ஆட்டம். அவன் விட்ட இடத்திலிருந்து நான் ஆடுவேன். பெட்டிக்கு நான் திருநீறு பூசினேன், அவன் சிலுவை போட்டான். இரண்டு சாமி காவல் இருந்தும் அது சூடாவது நிற்கவில்லை.

எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் அந்தோணி வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டே அன்றைய கதையைச் சொல்வான்.

"டேய், அந்தக் கருப்புக் கோட்டுக்காரரு எதிரி இல்லடா. நாம ஆடுற பையனோட அப்பா. மகன கூட்டிட்டுப் போகத்தான் பின்னாலயே வர்றாரு."

"எழுத்தப் படிச்சிட்டியா?"

"எழுத்து எதுக்கு? மொகத்தப் பாரு லா."

அந்தோணியின் அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லை. கோட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் எங்கள் முறையில் கேடயத்தை மட்டும் தூக்குவோம். அப்பாவை எப்படி அடிப்பது? ஒவ்வொரு தடவையும் எங்கள் ஆட்கள் எல்லாரும் விழுந்தார்கள். ஆட்டத்தை நாங்கள் முடிக்கவே இல்லை.

பிறகு கடைகளில் துப்பாக்கி விளையாட்டுகள்தான். முறைக்குக் காத்திருக்கும் ஆட்டத்தின் காலம் முடிந்தது என்றார்கள். அந்தோணியும் போன வருடம் கர்த்தரிடம் போய்விட்டான்.

இப்போது கோட்டுக்காரர் திரையில் வந்தார். கவிதா ஆங்கிலத்தைப் படித்தாள்.

"அப்பா, இவன் அவனோட அப்பா இல்ல. அப்பாவக் கொன்னவன். அடிங்க!"

நான் கேடயத்தை அழுத்தினேன்.

"ஐயோ, ஏன்பா?"

"அந்தோணி அங்கிள் சொல்லியிருக்காரு."

"இப்படியே ஆடினா செத்துருவோம்பா."

"சாவோம். மறுபடி எழுந்திரிப்போம்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் கேமை நிறுத்தவில்லை.

ஆட்டம் திரும்பி வந்துவிட்டது, சந்தோஷம். இப்போது கதை முழுவதும் எழுத்தில் இருக்கிறது, மிச்சத்தை இன்டர்நெட் சொல்லிவிடுகிறது. வேலைக்கு நேரமாகியும் வாசலில் நின்று எனக்குக் கதை சொல்ல ஆள் இல்லை.

இதை யாரிடமாவது சொன்னால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். ஆங்கிலத்தைப் பார்த்துத் திருத்தாதீர்கள். அவர் அப்பாதான்.