குதிகாலுக்கு அடியில் ஒரு கார்டு

என் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு போஸ்ட் கார்டு கிடக்கிறது. நிறம் மங்கிப் பழுப்பாகி, ஒரு மூலை கிழிந்து, நடுவில் எண்ணெய்க் கறை படிந்த கார்டு. உற்றுப் பார்த்தால் அந்தக் கறை ஒரு மனிதனின் குதிகால் அளவுக்கு இருப்பது தெரியும். போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பெட்டியை ஒழித்த என் மருமகள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "அத்தை, இந்தக் குப்பையத் தூரப் போட்டுரட்டா?" என்று கேட்டாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "ஒன் பட்டுச்சேலையத் தூரப் போடு. அதத் தொட்டியோ பாரு!" என்று கத்திவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்? அறுபது வருடமாக நான் யாரிடமும் வாய் திறந்து சொல்லாத ஒன்றை அவள் எப்படி அறிவாள்?

அந்தக் கார்டு என் அண்ணனுக்கு வந்தது. மாசி மாதம் மெட்ராஸில் பத்து மைல் ஓட்டத்துக்குத் தேர்வு நடக்கிறது, வந்து சேரவும் என்று நாலே வரி. அந்த நாலு வரிக்காக அவன் ஆறு வருடம் ஓடியிருந்தான்.

ஐம்பதுகளின் கடைசி அது. தென்காசியில் ஒரு மரக்கடையில் தடி அளக்கிற வேலை அண்ணனுக்கு. அப்பா முன்பே இறந்துவிட்டார். வீட்டில் அம்மா, அண்ணன், நான். விடியும் முன்பே எழுந்து வெறுங்காலோடு கிளம்புவான். மேலகரம் வழியாகக் குற்றாலம், அங்கிருந்து செங்கோட்டை, திரும்ப இலஞ்சி வழியாக வீடு. சீசன் நாளாக இருந்தால் நடுவில் பெரிய அருவியில் ஒரு முழுக்கு. ஈரத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடி வருவான். வீட்டுக்கு வரும்போது துண்டு காய்ந்திருக்கும், உடம்பு நனைந்திருக்கும். ஓடுவதற்கென்று ஒருவன் ஓடுவதை அன்றைக்கு எங்கள் ஊரில் யார் பார்த்திருந்தார்கள்? "ஏலே, ஒன்ன யாரு வெரட்டுதா?" என்று டீக்கடையிலிருந்து கேட்பார்கள். "நான்தான் அண்ணாச்சி என்னைய வெரட்டுதேன்" என்று நிற்காமலே சொல்லிவிட்டுப் போவான். சித்திரையில் திருநெல்வேலியில் நடந்த ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவனுக்கும் இவனுக்கும் நடுவே ஒரு தெரு நீளம் இடைவெளி. அதற்குப் பிறகு டீக்கடையில் கேலி நின்றது. வந்தால் பெஞ்சில் இடம் ஒதுக்கினார்கள்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கால் மாறிப் பிறந்தவள். எல்லாப் பிள்ளையும் தலை முதலில் வர, நான் கால் முதலில் வந்தேனாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் பிடிப்பும் சுளுக்கும் ஓடிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஏழெட்டு வயதிலிருந்தே இடுப்பைப் பிடித்துக்கொண்டு யாராவது எங்கள் வாசலுக்கு வருவார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வெறும் வயிற்றில், காலையில், வாய் பேசாமல், வலது காலால் மூன்று மிதி. அப்படி மூன்று நாள். எப்படியோ பலருக்குச் சரியாகத்தான் போனது. தானாகச் சரியாகியிருக்கும் என்று இன்றைக்குத் தெரிகிறது. பதினேழு வயதில் அது தெரியுமா? எனக்குக் கர்வம். என் வலது காலில் மட்டும் தனியாக மஞ்சள் பூசிக் குளிப்பேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனி மாதம். சாரல் பிடித்துவிட்டது. ஒரு காலை அண்ணன் ஓட்டத்திலிருந்து திரும்பும்போது, இலஞ்சி தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ குதிகாலுக்கு மேலே கல்லை விட்டு எறிந்த மாதிரி இருந்ததாம். "எவம்லே அவன்?" என்று கோபத்தோடு திரும்பிப் பார்த்திருக்கிறான். நனைந்த ரோடும் இரண்டு பக்கமும் வயலும்தான் இருந்தன. பால்காரர் ஒருவர் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். கணுக்காலுக்குப் பின்னால், குதிகாலையும் கெண்டைச் சதையையும் சேர்க்கிற அந்தத் தடித்த நரம்பு வீங்கியிருந்தது. ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அன்றைக்கு அவனால் குதிகாலைத் தூக்க முடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முன்னங்காலில் எழும்பி நின்று காட்டினான். நான் என் கண்ணால் பார்த்தேன்.

"வெறுஞ் சுளுக்குதான். வீட்டுலயே வைத்தியத்த வச்சுக்கிட்டு எங்கன போவ?" என்றாள் அம்மா. நானும் அதையே நினைத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. ஊராரையெல்லாம் மிதித்த காலுக்கு என் அண்ணனை மிதிக்கக் கொடுத்துவைக்க வேண்டுமே என்று பெருமையோடுதான் போனேன்.

முதல் நாள் மூன்று மிதி, பூப்போல. இரண்டாம் நாளும் அப்படியே. வலி குறையவில்லை. மூன்றாம் நாள் காலை அண்ணன் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "ஏட்டி, இன்னைக்கோட முடியுது. கொஞ்சம் அமத்தி மிதி" என்றான். வாய் பேசக் கூடாது என்பதால் தலையை ஆட்டினேன். முதல் மிதி. இரண்டாவது. மூன்றாவதுக்கு, இடது காலைத் தரையிலிருந்து எடுத்து, என் முழுக் கனத்தையும் வலது காலில் வைத்தேன். அடியில் ஏதோ விட்டது. ஈரத் துணி கிழிகிற மாதிரி ஒரு சின்ன அசைவு. காதுக்குக் கேட்கவில்லை, உள்ளங்காலுக்குத் தெரிந்தது. இன்றைக்கும் தெரிகிறது. அண்ணன் கத்தவில்லை. பலகையின் விளிம்பைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்துப்போயின. கொஞ்ச நேரம் கழித்து, "சரியாப் போச்சுட்டி. நீ போய்ச் சாப்பிடு" என்றான். நான் போய்ச் சாப்பிட்டேன். ஐயோ, அன்றைக்கு நாலு தோசை சாப்பிட்டேன்.

மறுநாள் அவன் பஸ்ஸில் குற்றாலம் போனான். காலில் எண்ணெய் தடவிக்கொண்டு அருவி அடிக்கிற இடத்தில் குதிகாலைக் காட்டினால் எந்த வலியும் போய்விடும் என்று ஊரில் சொல்வார்கள். போகும்போது நொண்டிக்கொண்டு போனவன் வரும்போது இரண்டு பேர் தோளில் வந்தான். கால் கருநீலம். அருவியில் பாசி வழுக்கிவிட்டது என்றான். பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் அவனைக் குப்புறப் படுக்கவைத்து, கெண்டைச் சதையை அமுக்கிப் பார்த்தார். இடது காலில் அமுக்கினால் பாதம் அசைந்தது. வலது காலில் அசையவில்லை. "மொதல்ல பாதிதான் அறுந்திருக்கு. அன்னைக்கே அசையாமக் கட்டுப் போட்டிருந்தா ஒட்டியிருக்கும். மீதி எப்படிய்யா அறுந்துச்சு?" என்று கேட்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "அருவில வழுக்கிட்டு சார்" என்றான். அப்போதே நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பயம், வேறென்ன?

மாவுக்கட்டோடு கிடந்தபோதுதான், ஆவணியில், அந்தக் கார்டு வந்தது. படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். புரட்டாசியில் கட்டைப் பிரித்தார்கள். வலது கெண்டைக்கால் இடது காலில் பாதி இருந்தது. டாக்டர் ஒரே கணக்குதான் சொன்னார்: அந்த ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்குகிற அன்றைக்கு ஓடலாம், அதுவரை ஓடக் கூடாது.

அன்றிலிருந்து எங்கள் அடுக்களைதான் அவனுக்கு மைதானம். காலையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு சுவரோரம் வந்து நிற்பான். அந்தக் கார்டைத் தரையில் போட்டு அதன்மேல் வலது குதிகாலை வைப்பான். இடது காலை மடக்கித் தூக்கிக்கொள்வான். "ஏட்டி, இழு." நான் குனிந்து கார்டை இழுப்பேன். ஒரு நூல் அளவு குதிகால் எழும்பினால்கூடக் கார்டு வந்துவிடும். வராது. "வருதா?" "இல்ல அண்ணே." "சரி, நாளைக்குப் பாப்போம்." ஐப்பசி மழையில் தரை சில்லிட்டுக் கிடந்தபோதும் இதேதான். கார்த்திகையிலும் இதேதான். அவன் நெற்றி வியர்க்கும், கழுத்து நரம்பு புடைக்கும், இடது தோள் மேலே போகும், வயிறு உள்ளே போகும். உடம்பில் எல்லாம் எழும்பும். குதிகால் மட்டும் கார்டின்மேல் கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். குனிந்து கார்டைப் பிடித்திருக்கும்போது என் முகத்துக்கு நேரே அந்த இடம் தெரியும். நரம்பு இருக்க வேண்டிய இடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம். நான் மிதித்த இடம்.

பொங்கல் கழிந்தது. தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அன்றைக்கு அவன் வெகுநேரம் முயன்றான். "இழு, இழு" என்கிறான். எனக்குத் தாங்கவில்லை. என் பலத்தையெல்லாம் கூட்டி வெடுக்கென்று இழுத்தேன். கார்டு கையோடு வந்தது. மூலை ஒன்று கிழிந்து அவன் குதிகாலுக்கு அடியிலேயே நின்றுவிட்டது. "வந்துட்டா?" என்று கேட்டான். ஏழு மாதமாக நான் பார்க்காத முகம் அது. கிழிந்த பக்கத்தைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, "வந்துட்டு அண்ணே" என்றேன்.

அன்று முழுதும் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. அம்மா பாயசம் வைத்தாள். மறுநாள் விடியும் முன்பே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். நான் வாசலிலேயே நின்றேன். மேலகரம்கூடப் போகவில்லை. பத்தடி ஓடி விழுந்து, எழுந்து, இன்னும் பத்தடி ஓடி விழுந்து, பிறகு வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தான். டீக்கடையில் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர்கூடக் கேலி செய்யவில்லை. அதுதான் அவனுக்கு அதிகம் வலித்திருக்கும். வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டு என்னைக் கூப்பிட்டான். "நேத்து நெசமாவே வந்துச்சாட்டி?" "வந்துச்சு அண்ணே" என்றேன், அப்போதும். உள்ளங்கையை விரித்தான். அதில் கார்டின் மூலை இருந்தது. எண்ணெய்க் குதிகாலிலிருந்து உதிர்ந்து அடுக்களைச் சுவரோரம் கிடந்திருக்கிறது. அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, விடு" என்றான். அதோடு கார்டைத் தரையில் போடுவது நின்றுபோனது. தேர்வு நடந்த அன்று மரக்கடைக்குப் போய் வழக்கம்போலத் தடி அளந்துவிட்டு வந்தான். கார்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

எனக்குச் சுரண்டையில் கல்யாணம் ஆனது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன், அறுபத்தைந்தோ அறுபத்தாறோ, அந்த வருடம். நொண்டி நொண்டியே அண்ணனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலையில், அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், அதே பலகையை எடுத்துப் போட்டுக் குப்புறப் படுத்தான். "ஏட்டி, இங்கன வா. இடுப்புல ஒரு மிதி மிதி" என்றான். "அதெல்லாம் சும்மா அண்ணே, மூட நம்பிக்க" என்றேன். அவன் முகத்தைத் தரையிலேயே வைத்துக்கொண்டு சொன்னான்: "அன்னைக்கு எப்பம் அறுந்துச்சுன்னு எனக்குத் தெரியும்லா. ஒனக்கும் தெரியும். எத்தன வருசமா என் காலப் பாக்காமலே பேசுத. போதும்ட்டி. வந்து மிதி. சரியாப் போவும்." இடுப்பைச் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன பயன்? பலகை அருகே போய் வலது காலைத் தூக்கினேன். தூக்கின கால் இறங்கவில்லை. தொட்டிலில் பிள்ளை அழுதது. அழுகிற பிள்ளையைச் சாக்காக வைத்து ஓடிவந்துவிட்டேன். அவன் வெகுநேரம் அப்படியே படுத்திருந்தான். அப்புறம் தானே பலகையை எடுத்துச் சுவரில் சாத்தினான்.

பிறகு அவன் என்னைக் கூப்பிடவே இல்லை. நானாகப் போய் மிதித்திருக்கலாம். இருபது வருடம் உயிரோடு இருந்தானே! ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் நினைப்பேன். காப்பி குடித்துவிட்டு, பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிட்டு, பஸ் ஏறிவிடுவேன். அவன் சாவுக்குப் போய்க் காலடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பள்ளத்தை முதல்முறையாகக் கையால் தொட்டேன். யாரும் பார்க்காதபடி சேலையால் மூடிக்கொண்டு தொட்டேன்.

மருமகளைத் திட்டியது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. நேற்றுக் காலையில் அவளைக் கூப்பிட்டு, இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கார்டைத் தரையில் போடச் சொன்னேன். "எதுக்கு அத்தை?" என்றாள். சொன்னதைச் செய் என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு என் வலது குதிகாலை அந்தக் கறைமேல் வைத்தேன். சரியாகப் பொருந்தவில்லை, என் கால் சிறியது. இடது காலைத் தூக்கிக்கொண்டேன். எழுபத்தெட்டு வயது, மூட்டு வலி, சர்க்கரை, எல்லாம் இருக்கிறது. அண்ணனுடையதைப் போல என் குதிகாலும் எழும்பக் கூடாது, எழும்பாமல் இருக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டுதான் எழும்பினேன்.

"இழு" என்றேன்.

"வந்துட்டு, அத்தை" என்றாள்.