கடலூர் முதுநகரில் ஒரு பீரங்கிக் குண்டு

1965 செப்டம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்குக் கும்பகோணத்தில் பஸ் ஏறினேன். அணைக்கரை வழியாகச் சிதம்பரம் ஏறக்குறைய நாற்பத்தைந்து மைல். டிக்கெட் இரண்டு ரூபாய் பத்து பைசா. மடியில் இருந்த பையில் என் முதல் புத்தகத்தின் கடைசி புரூஃப். ஐரோப்பாவில் முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் எப்படிச் சண்டை போட்டார்கள் என்று, தமிழில் சரித்திரம் படிக்கும் பிள்ளைகளுக்காக எழுதியது. ஈட்டிக்காரர் அணிவகுப்பு, திரி வைத்துச் சுடும் துப்பாக்கி, பீரங்கி, முற்றுகை எல்லாம் அதில் உண்டு. பதினாலு வருஷமாக வகுப்பில் சொன்னதைத்தான் எழுதியிருந்தேன். பீரங்கியை மட்டும் கண்ணால் பார்த்ததில்லை.

எட்டரை மணிக்குச் சிதம்பரம். கீழவீதியை ஒட்டிய சந்தில் அச்சகம். அச்சுக்கோக்கும் கோவிந்தசாமி என் வயதுக்காரர். பதினாறு பக்கம் கொண்ட கடைசிப் பாரத்தை ஒருமுறை படித்து, ‘அச்சிடலாம்’ என்று கையெழுத்துப் போட்டேன்.

"மூணரை மணிக்கு மெஷின்ல ஏத்திடுவேன் சார். அப்புறம் வந்து அத மாத்து இத மாத்துன்னு நிக்காதீங்க" என்றார். ஏற்கெனவே நாலு தடவை நின்றவன் நான்.

பொழுது நிறையக் கிடந்தது. இருபத்தெட்டு மைலில் கடலூர். தேவனாம்பட்டினத்தில் வெள்ளைக்காரன் கோட்டை இருக்கிறது, எட்டிப் பார்த்துவிடலாமே என்று ஒன்பது இருபது பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் ஒன்று முப்பத்தைந்து. பக்கத்து சீட்டில் காலடியில் கயிற்றுச் சுருளோடு ஒருவர். ரஹீம் பாய் என்று பெயர் சொன்னார். முதுநகர் துறைமுகத்துப் பக்கம் கயிறும் வலையும் விற்கிறார். புவனகிரி தாண்டுவதற்குள் என் புத்தகம், என் சம்பளம், என் அல்சர் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கோட்டையில என்னா சார் இருக்குது, இடிஞ்ச செவுருதான். பீரங்கிக் குண்டு பாக்கணுமா? எங்க கெடங்குல கெடக்குது. பாத்துட்டுப் போங்க" என்றார்.

பதினொரு மணிக்கு முதுநகரில் இறங்கினோம். டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். எல்லைச் சண்டைச் செய்தி. நாங்களும் ஐந்து நிமிஷம் நின்று கேட்டோம். பாய் கடை வியாபாரத்தை முடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பன்னிரண்டரைக்கு மேல் கிடங்குக்குப் போனோம். சாமான் இறக்க வாசலிலிருந்து தெருவரை செங்கல் சரிவு. கனத்த தேக்குக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அதன் அடியில் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள் அந்தக் குண்டை. கிணறு வெட்டும்போது கிடைத்ததாம். உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது, துருப்பிடித்துக் கறுத்திருந்தது. நான் நாலடி தள்ளியே நின்றேன்.

"உள்ளே மருந்தை எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

பாய் என்னைப் பார்த்தார். "மருந்தா? முழுக்கக் கெட்டி இரும்பு சார். ரெண்டு கொல்லருங்க ஒடைச்சுப் பாத்துட்டு முடியாம உட்டுட்டாங்க. இது எங்க வெடிக்கப் போவுது?"

எனக்குச் சுருக்கென்றது. என் கடைசிப் பாரத்தில் குண்டு விழும் இடமெல்லாம் வெடிக்கிறது. "பாய், நான் பதினாலு வருஷம் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவன்" என்று ஆரம்பித்தேன். தப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

அதற்குள் பாயின் மச்சான் காசிம், வலை மூட்டையை உள்ளே இழுக்க வசதியாகக் குண்டை ஓரமாக நகர்த்தினார். அது சரிவில் இறங்கிவிட்டது. அவசரமே இல்லாமல் என் பக்கமாக உருண்டு வந்தது. அவ்வளவு மெதுவாக வருவதைப் பார்த்தால் யாருக்கும் நிறுத்தத்தான் தோன்றும். செருப்புக் காலை நீட்டினேன்.

"காலை எடுங்க சார்" என்ற குரலும் பின்னாலிருந்து என் காலரை இழுத்த கையும் ஒன்றாக வந்தன. பாயும் நானும் கயிற்றுச் சுருள்மேல் விழுந்தோம். சட்டைப் பொத்தான் இரண்டு போயிற்று. குண்டு கீழே நின்ற கைவண்டிச் சக்கரத்தில் மோதி, ஓர் ஆரக்காலை முறித்துவிட்டுத்தான் நின்றது.

"பாக்கத்தான் மெதுவா வரும். வெயிட்டு ஜாஸ்தி" என்றார் பாய், மூச்சு வாங்க. காசிமின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் படித்தது அப்போதுதான் புரிந்தது. பீரங்கிக் குண்டு தரையில் தத்தித் தத்தி வரிசை வரிசையாக ஆட்களைச் சாய்த்துக்கொண்டு போகும். கடைசியில் வேகம் குறைந்து உருண்டு வருவதை, புதிதாகப் படையில் சேர்ந்தவர்கள் காலால் நிறுத்தப் போய்க் காலை இழப்பார்கள். வெடிக்கிற குண்டை எந்த மடையன் மிதிப்பான், எழுதியவன் உளறியிருக்கிறான் என்று அதை விட்டுவிட்டிருந்தேன். உளறியவன் நான்.

மணி ஒன்றே கால் ஆகியிருந்தது. அச்சகத்தில் போன் கிடையாது. விஷயத்தைச் சொன்னதும் பாய் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து, பஸ் நிலையம் வரை கூடவே வந்தார். ஒன்று ஐம்பது பஸ்ஸில் நிற்க இடமில்லை. டிரைவரிடம் பேசி என்னை இன்ஜின் பெட்டிமேல் உட்கார வைத்தார்.

"மூணரைக்குள்ளயா? ஆலப்பாக்கம் கேட்டு போடாம இருந்தா போயிடலாங்க" என்றார் டிரைவர்.

கேட்டு போட்டிருந்தது. இருபது நிமிஷம். கூட்ஸ் வண்டி என் வயிற்றெரிச்சல் தெரியாமல் ஆடி அசைந்து போயிற்று. அப்புறம் அந்த டிரைவர் ஓட்டிய ஓட்டத்தை மறக்க முடியாது. புவனகிரியில் டீ குடிக்கக்கூட அவர் இறங்கவில்லை. மகராசன் நன்றாக இருக்க வேண்டும்.

மூன்று ஐம்பதுக்கு அச்சகத்தில் நுழைந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பது தாள் அடித்தாகிவிட்டது. நான் சொன்னதைக் கேட்டதும் கோவிந்தசாமி அடித்த தாள்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெஷினை நிறுத்தி, பாரத்தை இறக்கினார்.

"எத்தினி வரி?"

"ஒன்பது."

"ஒம்பதுக்கு ஒம்பதா எழுதிக் குடுங்க. ஒரு வரி கூடிச்சுன்னா அடுத்த பக்கமெல்லாம் தள்ளும்."

ஸ்டூலில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அவர் வாய்க்குள் படித்தபடி ஒவ்வோர் எழுத்தாகக் கோத்தார். ஏழாவது வரியில் கை நின்றது.

"இந்தக் காலை நீட்டுறவன் பேரு என்னா சார்?"

"தெரியாது. யாரும் எழுதி வைக்கவில்லை."

"ராஜா பேரு, தளபதி பேரெல்லாம் கோத்தேன். அதான் கேட்டேன்" என்றார். இன்னும் நாலு எழுத்து வைத்தார். "என் தம்பி பட்டாளத்துல இருக்கான். சேந்து ஏழு மாசம் ஆவுது. பத்து நாளா லெட்டர் இல்ல."

பதினாலு வருஷம் எத்தனையோ யுத்தங்களைக் கரும்பலகையில் எழுதி அழித்திருக்கிறேன். தம்பி பெயரைக் கேட்டேன். செல்வராசு என்றார்.

ஆறே காலுக்குக் கும்பகோணம் பஸ். அதற்கு முன் கீழக்கோபுரத்தின் எதிரே போய் நின்றேன். இரண்டு காலும் முழுசாகத் தரையில் ஊன்றி நிற்க முடிந்ததே பெரிய விஷயமாக இருந்தது. ரஹீம் பாய் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்குப் பின்னால் அவர் நின்ற மாதிரி, எங்கேயோ எல்லையில் இருக்கிற அந்தப் பையனுக்குப் பின்னாலும் விவரம் தெரிந்த ஒருவர் நிற்கட்டும் என்று கேட்டேன். சாமிக்கு ஆள் தெரிய வேண்டுமே என்று, செல்வராசு, செல்வராசு என்று இரண்டு தடவை பேர் சொல்லிக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.