ஆறு மணி மீட்டிங்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பித் தொழிற்சாலையின் கணினிப் பிரிவுக்கு நான் தலைவரானபோது என் மகளுக்கு எட்டு மாதம். கவரைப்பேட்டையில் மாமியாரிடம் அவளை விட்டுவிட்டு வருவேன். ஐந்தே முக்கால் ரயிலைப் பிடித்தால்தான் பால் கொடுக்கும் நேரத்துக்கு வீடு போக முடியும். இது சரக்குக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர்ஸ் அதிகாரிக்குத் தெரியும். தெரிந்தேதான் பிரிவுத் தலைவர்களின் மீட்டிங்கை ஆறு மணிக்கு வைத்தார்.

மீட்டிங்குக்கு இருந்தால் பால் கட்டி ஜாக்கெட் நனையும். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கிளம்பினால், என் பிரிவின் முடிவுகளை நான் இல்லாமலே எடுத்திருப்பார்கள். ஒருநாள் அவர் மேனேஜரிடம் சொன்னது கதவுக்கு வெளியே கேட்டது.

"மணி அடிச்சா அந்தம்மா ஊட்டுக்கு ஓடிக்கினு இருக்குது சார். செக்ஷன என் கீழ போட்டுடுங்க."

"மாசக் கடைசியில பாக்கலாம்" என்றார் மேனேஜர்.

ரயிலில் நான் அழவில்லை. யோசித்துக்கொண்டே போனேன்.

அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பயிற்சிக்குக் கூப்பிட்டபோது, "உன் வயசு என் சர்வீஸும்மா" என்று சிரித்தவர். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி கிளார்க்கிடம் கொடுத்துவிட்டார். லாரிகள் வெளியே போவதற்கான கேட் பாஸை அவர் பெயரில் கம்ப்யூட்டரில் கிளார்க்தான் போடுவார்.

மாதம் ஒருமுறை எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும் என்பது விதி. கிளார்க் லீவில் இருந்த நாளாகப் பார்த்து மாற்றினேன். புதியதை உறையில் போட்டு அதிகாரி கையிலேயே கொடுத்தேன்.

பதினொரு மணிக்குப் போன் வந்தது. "இன்னாம்மா இது, உள்ளயே போவ மாட்டேங்குது?"

"மூணு தடவ தப்பா அடிச்சா பூட்டிக்கும் சார். டிரெயினிங்ல சொன்னேனே."

நான் ஸ்டோர்ஸுக்குப் போவதற்குள், கேட்டில் லாரி நின்றுவிட்டதென்று மேனேஜரும் அங்கே வந்துவிட்டார்.

"கிளார்க் இன்னிக்கி லீவு சார், அதான்..." என்று இழுத்தார் அதிகாரி.

"பாஸ்வேர்டு உங்களுது. கிளார்க்குக்கு இன்னா வேல அதுல?" என்றார் மேனேஜர்.

இரண்டு நிமிடத்தில் திறந்திருக்கலாம். நான் திறக்கவில்லை. "தொறக்கச் சொல்லி எழுதிக் குடுங்க சார், அதான் ரூல்" என்றேன். வேகமாக எழுதி நீட்டினார். திருப்பிக் கொடுத்தேன்.

"யாருக்குன்னு போடலையே சார்."

மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதம் கிழிந்துவிடும்போல் அழுத்தி, 'தலைவர், கணினிப் பிரிவு' என்று எழுதினார். மெதுவாக, இரண்டு முறை படித்துவிட்டுத்தான் திறந்தேன்.

போகும்போது மேனேஜர் அவரிடம் சொன்னார்: "செக்ஷன் அவங்ககிட்டயே இருக்கட்டும். அவங்க இருக்கற நேரமா, மீட்டிங்க மூணு மணிக்கு மாத்துங்க."

லாரி டிரைவர் அதுவரை நாஷ்டாகூட சாப்பிடாமல் காத்திருந்தாராம். அது உறுத்தியது. எனக்குள் இவ்வளவு வன்மம் இருந்ததா, அது பாலில் இறங்குமா என்றெல்லாம் ரயிலில் பயந்தேன். வீட்டுக்குப் போய் மகளை மடியில் போட்டுக்கொண்டபோது, பேனாவை அழுத்திய அவர் முகம் ஞாபகம் வந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிறு குலுங்கியதில் அவள் வாயை எடுத்துவிட்டு, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மறுபடி குடிக்கத் தொடங்கினாள்.