மனிசி நிண்டிட்டா

தொலைபேசிக் கூண்டில் போட்ட நாணயம் முடியப்போகிறதென்றால் 'பீப், பீப்' என்று ஒரு சத்தம் கேட்கும். பேசுகிறவரின் குரலுக்கு மேலே ஏறிக் கோழிக்குஞ்சு போலக் கத்திவிட்டு, மறுநொடி குரலையும் ஆளையும் சேர்த்து விழுங்கிவிடும். அந்தச் சத்தத்தை இன்றைய பிள்ளைகளுக்கு வாயால் செய்து காட்டினால் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை.

எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கியிருந்த குளிர்காலம் அது, எனக்குப் பதினொரு வயது. வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா அம்மாவுக்கு ஒரு அறை, எனக்கு ஒரு சின்ன அறை, பிறகு "ஹோல்" என்று நாங்கள் சொல்லும் முன்னறை, அவ்வளவுதான் வீடு. அப்பாவின் தம்பி குகன் சித்தப்பா ஊரிலிருந்து வந்து சேர்ந்ததும் என் அறை அவருக்குப் போயிற்று. நான் ஹோலில், ரீவிக்கும் தொலைபேசிக்கும் நடுவே, ஒரு மெத்தையில் படுத்தேன். ஹோலில் ஹீட்டர் கிடையாது, இரவில் இருமுவேன். அது எனக்குப் பெரிய குறையாகவும் இருக்கவில்லை, படுத்தபடியே ரீவி பார்க்கலாம் அல்லவா.

சித்தப்பாவின் அகதி விண்ணப்பம் ஒரு தடவை மறுக்கப்பட்டு மேல்முறையீட்டில் கிடந்தது. எங்கள் வீட்டில் அதற்கு "கேஸ்" என்று பெயர். மேல்மாடியில் இருந்த பரம் மாமாவுக்கும் ஒரு கேஸ் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இறங்கி வந்தால் மத்தியானச் சாப்பாடு முடியும்வரை பேச்சு ஒன்றே ஒன்றுதான். அப்போது இந்த நாட்டின் பிரதமராக இருந்த அம்மையார் இருப்பாரா, போவாரா, போனால் அடுத்து யார்? அவருடைய பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. "மனிசி" என்றால் அவர்தான்.

"மனிசி இந்த மாசம் தாண்டாது, பாருங்கோ," என்பார் பரம் மாமா. "பிறகு அந்தக் கண்ணாடிக்காரன் வந்தா எங்களுக்கு நல்லது. அவன்ர முகத்தில ஈரம் இருக்கு."

"அவனுக்குக் கண்ணில வருத்தம், அதுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறான்," என்பார் அம்மா, சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு. "அதில என்ன ஈரத்தைக் கண்டனீங்கள்?"

அவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. எங்கள் நாட்டில் புதிய ஆள் பதவிக்கு வந்தால் சிறைக்கதவைத் திறந்து கொஞ்சப் பேரை விடுவது வழக்கம். இங்கேயும் புதியவர் வந்தால் கேஸ் கிடக்கிறவர்களுக்கெல்லாம் ஒரு "பொது மன்னிப்பு" கொடுத்துவிடுவார் என்று வெம்பிளி முதல் வெஸ்ட் ஈலிங் வரைக்கும் ஒரு கதை உலாவியது. "கட்சி மாறேல்லைத்தானே, ஆள்தானே மாறுது," என்று அம்மா ஒரு தடவை கேட்டதற்கு, பரம் மாமா, "தங்கச்சிக்கு அரசியல் விளங்காது," என்று சொல்லி அப்பளம் கேட்டார்.

சித்தப்பாதான் அம்மாவின் பக்கம் நிற்பார். "அண்ணி, உங்களைப் பிரதமராக்கினா எங்கட கேஸ் எல்லாம் ஒரு நாளில முடிஞ்சிடும்."

"ஓம், நான் வந்தா முதல் வேலையா இந்த ஹோலுக்கு ஒரு ஹீட்டர் போடுவன்," என்றார் அம்மா.

எல்லோரும் சிரித்தோம். சித்தப்பாவும் சிரித்தார் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

இதற்கிடையில் வெம்பிளியில் இருந்த ஓர் ஏஜென்சிக்காரன், வேறொருவரின் பாஸ்போட்டில் சித்தப்பாவைக் கனடாவுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். வழியில் பிடிபட்டால் நேரே கொழும்புதான் என்பது எல்லோருக்கும் தெரியும். கொழும்பில் அந்த நாளில் ஒரு தமிழ் இளைஞனைத் திருப்பி இறக்கினால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். போவதா, காத்திருப்பதா என்று அப்பாவும் சித்தப்பாவும் மாறி மாறிப் பேசினார்கள். இந்த வாரம் ஆள் போகிறது, மறுமொழி வேண்டும் என்று ஏஜென்சிக்காரன் நெருக்கியபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பா ஒரு முடிவு சொன்னார். "மனிசி நிண்டா நான் போறன். மனிசி போனா நான் நிக்கிறன்."

அந்த வசனம் எனக்குப் பிடித்துப்போயிற்று. படிக்கட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் பாட்டுப் போல அதைச் சொல்லித் திரிந்தேன்.

அன்று காலை நான் பள்ளிக்கூடம் போகவில்லை. உடம்பெங்கும் கொப்பளிப்பான் அம்மை போட்டு, சொறியக்கூடாது என்ற கட்டளையோடு மெத்தையில் கிடந்தேன். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஈரமாக இருந்தது. அப்பா பாண் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, தலைமயிரில் மாவோடு ரீவிக்கு முன்னால் நின்றார். சித்தப்பா விடியவே வெம்பிளிக்குப் போயிருந்தார், அங்கிருந்து தொலைபேசியில் கேட்பதாக ஏற்பாடு. திடீரென்று செய்தி வாசிப்பவரின் குரல் மாறியது. அம்மையார் பதவி விலகுகிறாராம். மேலே பரம் மாமா சந்தோஷத்தில் தரையைக் காலால் இடித்தார், எங்கள் கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் கொட்டியது.

அப்போது தொலைபேசி அடித்தது. என் தலைமாட்டில்தான் இருந்தது. அப்பா பாய்ந்து எடுத்தார்.

"ஓம் குகன், ஓம், இப்பத்தான் சொன்னவங்கள்..."

பீப், பீப்.

"மனிசி நிண்டிட்டா! கேக்குதே? நிண்டிட்டா!"

"சரி அண்ணை," என்று ஒரு சின்னக் குரல் எனக்கும் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை.

அப்பா சிரித்துக்கொண்டே தேத்தண்ணீர் கேட்டார். அம்மா குசினி வாசலில் அப்படியே நின்றார்.

"என்ன சொன்னனீங்கள் அவருக்கு?"

"நிண்டிட்டா எண்டனான். வேலையால நிண்டிட்டா எண்டு."

"நீங்கள் வேலையால எண்டு சொல்லேல்லை."

அப்பாவின் தொழிற்சாலையில் ஆட்கள் வருவதும் விடுவதுமாக இருப்பார்கள். ஒவ்வொரு நாளும் வந்து, "இண்டைக்கும் ரெண்டு பேர் நிண்டிட்டாங்கள்," என்றுதான் சொல்லுவார். அவருக்கு அந்தச் சொல் வேலையை விட்டுப் போவதைக் குறித்தது. ஆனால் அதே சொல் போகாமல் இருப்பதையும் குறிக்கும், தேர்தலில் நிற்பதையும் குறிக்கும். சாப்பாட்டு மேசையில் சித்தப்பா சொன்னது போகாமல் இருக்கும் பொருளில்தான்.

அப்பா வீட்டுச் செருப்போடு ஓடினார். ஏஜென்சிக்காரனின் வீடு எதுவென்று அவருக்குத் தெரியாது. வெம்பிளி நிலையத்தைச் சுற்றி ஒவ்வொரு தெருவாகத் தேடிவிட்டு, பின்னேரம் கால் நனைந்து திரும்பி வந்தார். தொலைபேசியை விட்டு நகரக்கூடாது என்று என்னிடம் சொல்லிப் போயிருந்தார், நானும் நகரவில்லை. அது அடிக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தபோது ஏதோ ஒரு நேரத்தில் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. இனி என் அறை எனக்குத்தான். வந்த நினைப்பைத் துரத்த முடியாமல் புருவத்துக்கு மேலிருந்த ஒரு கொப்புளத்தைச் சொறிந்துவிட்டேன். அந்தத் தழும்பு இன்னமும் இருக்கிறது.

சித்தப்பா கனடா போய்ச் சேரவில்லை. இடையில் ஒரு நாட்டு விமான நிலையத்தில் பிடித்துக் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே இறங்கியதும் பொலிஸ்காரர் கொண்டுபோய், மாதக் கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது அவருக்கு இடது காது கேட்காது. பிறகு வவுனியாவில் ஒரு சைக்கிள் கடை போட்டு அங்கேயே இருந்துவிட்டார். இங்கே கண்ணாடிக்காரர்தான் பிரதமராக வந்தார். பொது மன்னிப்பு வரவில்லை. ஆனால் காத்திருந்தவர்களுக்கு ஒவ்வொருவராக ஏதோ ஒரு விசா கிடைத்துக்கொண்டு வந்தது. பரம் மாமாவுக்கும் கிடைத்தது. அவர் இனிப்புப் பெட்டியோடு இறங்கி வந்த அன்று அப்பா தலையிடி என்று படுத்துக்கொண்டார்.

அதன்பிறகு "நிற்பது" என்ற சொல்லே அப்பாவின் வாயிலிருந்து போய்விட்டது. மணிக்கூடு ஓடவில்லை என்பார், பஸ்ஸை மறித்துவிட்டான் என்பார். தொழிற்சாலையில் ஆட்கள் வேலையை விட்டார்கள். தேர்தல் வந்து அம்மா மறதியாக, "இந்த முறை ஆர் நிக்கினம்?" என்று கேட்டால் எழுந்து போய்விடுவார். நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டபோதுகூட, "பிள்ளை நிண்டிட்டாள்" என்று அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

வவுனியாவிலிருந்து பேசும் போதெல்லாம் சித்தப்பா அதே பகிடியோடுதான் தொடங்குவார். "என்னண்ணை, உங்கட மனிசி இன்னும் நிக்கிறாவோ?" அப்பா ரிசீவரை அம்மாவிடம் நீட்டிவிடுவார். தம்பி தன்னைக் குத்திக் காட்டுகிறான் என்றுதான் அவர் கடைசிவரை நினைத்தார். அம்மா எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் அப்பா காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் சித்தப்பா கைபேசியில் முகம் காட்டினார், நரைத்த தாடியோடு, வலது காதைச் சாய்த்துக்கொண்டு. பேச்சுக் கொடுக்கத் தெரியாத நான், எப்படியோ அந்தக் காலையைப் பற்றியும், அப்பா அந்தச் சொல்லைச் சுமந்த கதையையும் சொல்லிவிட்டேன். அவர் திகைத்துப் போனார்.

"அண்ணை சொன்னது எனக்கு அப்பவே விளங்கினது பிள்ளை. பேக்கரியில நிண்டவங்களின்ர கதையை நான் ஒவ்வொரு நாளும் கேட்டனான்தானே."

"அப்ப ஏன் போனனீங்கள் சித்தப்பா?"

கைபேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து சொன்னார். "உன்ர அறையில நான், ஹீட்டர் இல்லாத ஹோலில நீ இருமிக்கொண்டு படுத்திருந்தனி. அதைச் சொல்லிப்போட்டுப் போனா அண்ணைக்கும் அண்ணிக்கும் தாங்காது. சொல் பிழைச்சுது எண்டா பகிடியாப் போயிடும் எண்டு நினைச்சன். அதுதான் ஒவ்வொரு முறையும் பகிடி விட்டனான்."

அவர் சொன்னது உண்மையா, அல்லது செத்துப்போன அண்ணனுக்காக இப்போது கட்டிய கதையா என்று எனக்குத் தெரியாது. உண்மையென்றால் முப்பது வருடமாக அப்பா சுமந்தது அவருடையது அல்ல. ஹோலில் படுப்பது குறையா என்று அந்த வீட்டில் யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை, குறையே இல்லை என்று நானாக வாய் திறந்து சொல்லவும் இல்லை.

நான் இப்போது வெம்பிளியில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்க்கிறேன். இந்த நாட்டில் பிரதமர்கள் இப்போது அடிக்கடி மாறுகிறார்கள். அந்த நாட்களில் கறிவேப்பிலை வாங்க வருகிறவர்கள்கூட, "அக்கா, இந்தாள் நிக்குமோ, போகுமோ?" என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்லி மிச்சத்தைக் கொடுப்பேன். நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசிக் கூண்டுகளைத் தூக்கிவிட்டார்கள், அந்த இடத்தில் வாடகைச் சைக்கிள்கள் நிற்கின்றன. வால்தம்ஸ்டோ வீட்டில் ஹோலையும் ஓர் அறையாக மறித்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது சித்தப்பாவை ஒருமுறை வந்து போகச் சொன்னேன், விசிற் விசாவுக்கு எழுதலாம் என்று.

"வந்தா எங்க படுக்கிறது?" என்று சிரித்தார்.

"அறை இருக்கு சித்தப்பா. ஹீட்டரும் இருக்கு. சும்மாதான் கிடக்குது."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. முந்தியென்றால் கூண்டில் போட்ட காசு முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பேன்.