ஷஹ்மாவின் கோணல் பஸ்

கட்டுகஸ்தோட்டையில் பாலர் பாடசாலை நடத்தும் பஸ்னா டீச்சரைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவளுடைய மூத்த சகோதரி ஸக்கியாவுக்கு அன்று சோறே தேவையில்லை. தான் ஒன்பதாம் வகுப்போடு தையல் மெஷினில் உட்கார்ந்ததால்தான் தங்கச்சி டிப்ளோமா வரை படித்தாள் என்பதை அவள் வாயால் சொல்லமாட்டாள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடக்கும் நடை சொல்லிவிடும்.

"விளையாடத்தான் விடுறாங்க, ஒண்டும் படிச்சுக் குடுக்கல" என்று சில பெற்றோர் பேசத் தொடங்கியிருந்தார்கள். அதனால் இம்முறை கண்காட்சிக்குப் பிள்ளைகளே அட்டையில் பஸ் செய்ய வேண்டும் என்று பஸ்னா முடிவெடுத்தாள். ஐந்து வயதுக் கை என்ன செய்யும் என்பதை அவர்கள் கண்ணால் காணட்டும்.

வீட்டுக்குக் கொடுத்துவிட, பிள்ளைக்கு ஒன்றாக ஸக்கியா இருபத்துநான்கு பைகள் தயார் செய்தாள். பிஸ்கட் பெட்டி அட்டையை இம்மி பிசகாமல் வெட்டினாள். போத்தல் மூடிகளின் நடுவில் சூடாக்கிய ஆணியால் துளை போட்டாள். அச்சுக்கு ஈர்க்கிலின் தடித்த அடிப்பக்கம், ஒட்டுவதற்கு ஒரு கம் போத்தல். எதற்கும் இருக்கட்டும் என்று இருபத்தைந்தாவதாக ஒரு பையும் வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கடதாசி: 'பிள்ளையே செய்யட்டும்.'

திங்கட்கிழமை இருபத்துமூன்று பஸ்கள் வீடுகளிலிருந்து வந்தன. ஒன்றுக்கு வார்னிஷ், ஒன்றுக்குக் கண்ணாடித் தாளில் ஜன்னல். தாஸிமின் பஸ்ஸில் லைட்டே எரிந்தது.

"இத யாரு மகன் செஞ்ச?" என்று ஸக்கியா அவனிடம் கேட்டாள்.

"வாப்பா. என்னத் தொட வாணாமெண்டு சொன்ன."

வாசலில் நின்ற அவனுடைய உம்மா சிரித்தாள். "புள்ளட கையில குடுத்தா கம்மெல்லாம் சட்டையிலதான். நாலு பேர் பாக்கிற எடத்தில வைக்க ஏலுமா?"

"அப்ப நாளைக்கு வாப்பாவுக்கு யூனிஃபோம் போட்டு அனுப்புங்கோ" என்றாள் ஸக்கியா.

மிஞ்சியது ஷஹ்மாவின் பஸ் மட்டும். உம்மா வேலை முடிந்து வரும்வரை ஷஹ்மா பின்னேரங்களில் ஸக்கியாவின் மெஷினடியில்தான் இருப்பாள். மூன்று பின்னேரம் அங்கேயே இருந்து, தன் கையாலேயே செய்து முடித்தாள். உருட்டினால் அது இடப்பக்கம் போகும். ஜன்னல் கூரையில் இருந்தது. "மழய பாக்க" என்றாள். பஸ்னா அதை எல்லோருக்கும் தெரியும்படி மேசையின் நடுவில் வைத்தாள்.

கண்காட்சியன்று விடிந்ததும் ஸக்கியாதான் முதலில் வந்து மேசை விரிப்பைச் சரிசெய்தாள். பளபளக்கும் பஸ்களுக்கு நடுவே அந்த ஒன்று சாய்ந்து நின்றது. தங்கச்சியைப் பார்த்து ஊரே சிரிக்குமே. ஒரு சக்கரம்தானே என்று கழற்றி நேராகப் பூட்டினாள். பிறகு மற்றவற்றையும். கூரை ஓட்டையை அடைத்தாள். பக்கவாட்டில் அளவுகோல் வைத்து ஆறு ஜன்னல் வெட்டினாள்.

ஷஹ்மா வந்து மேசையை இரண்டு தரம் சுற்றினாள்.

"என்ட பஸ் எங்க மாமி?"

"இந்தா ஈக்கிதே, நடுவுல."

ஷஹ்மா அதை உருட்டிப் பார்த்தாள். அது நேராகப் போனது. "இது என்ட இல்ல" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

பஸ்னா சகோதரியின் முகத்தைப் பார்த்தாள். "லாத்தா, இதச் செஞ்சதுக்குத்தானே அவங்கள அண்டைக்கி ஏசின?"

ஸக்கியா பஸ்ஸை எடுத்து மேசைக்கடியில் வைத்தாள். ஷஹ்மாவின் பெயர் அட்டை மட்டும் வெற்றிடத்தில் நின்றது. இருபத்தைந்தாவது பையைக் கொண்டுவந்து பாயை விரித்தாள்.

"இதில இருந்து செய்யுங்கோ புள்ள."

பெற்றோர் வந்தார்கள், லைட் எரியும் பஸ்ஸைப் படம் எடுத்தார்கள், பாயைச் சுற்றிக் கடந்தார்கள். ஷஹ்மா முதல் சக்கரத்தைக் கோணலாகவே பூட்டினாள். தாஸிம் மெல்ல வந்து அவள் பக்கத்தில் குந்தி, கம் போத்தலைத் திறந்தான்.

"எழும்புங்க மகன், சட்ட ஊத்தயாகும்!" என்று அவனுடைய உம்மா கத்தினாள்.

ஸக்கியாவின் நாக்கு நுனிவரை பதில் வந்தது. மேசைக்கடியில் நேராக நின்ற பஸ் கண்ணில் பட்டதும் அதை விழுங்கிக்கொண்டாள். ஷஹ்மா இரண்டாவது சக்கரத்தையும் கோணலாகப் பூட்டத் தொடங்கினாள். ஸக்கியா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அழுத்தி வைத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டே இருந்தாள்.